கிட்டங்கியில் தங்கிய மேகம்

முள்ளிச்செவலில் எதுவும் கெட்டுப்போனதில்லை. கெட்டுப்போவதற்குக் கொஞ்சமாவது ஈரம் வேண்டும். அந்த ஊரில் ஈரம் என்பது மனிதர் கண்ணில் சுரந்தால்தான் உண்டு, அதுவும் கன்னத்துக்கு இறங்குவதற்குள் உப்பாகிவிடும். அங்கே வடகம் பிழிகிறவள் கடைசி வடகத்தைப் பிழிந்து நிமிர்வதற்குள் முதல் வடகம் காய்ந்து எண்ணெய்ச் சட்டிக்குத் தயாராகக் கிடக்கும், தீபாவளிக்குச் சுட்ட முறுக்கைத் திறந்த தாம்பாளத்தில் வைத்தால் அடுத்த தீபாவளிக்கு வருகிற மருமகன் அதைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்வான், துவைத்த வேட்டி கையில் எடுக்கும்போதே காய்ந்துவிடுவதால் துணி பிழிகிற பழக்கமே அந்த ஊர்க்காரர்களுக்கு விட்டுப்போயிற்று. அப்படிப்பட்ட வெயிலை வீணாக்குவானேன் என்று, சுற்றுவட்டார மலைகளில் பறிக்கிற மூலிகையெல்லாம் காய்வதற்கென்றே லாரி ஏறி அங்கே வரும். சரக்கு சுள்ளென்று காய்ந்திருப்பதை வியாபாரிகள் காய்ச்சல் என்பார்கள். 'உங்களுக்கு நல்ல முள்ளிச்செவல் காய்ச்சலாக அனுப்பிவைக்கிறோம்' என்று போனில் சொன்னதைக் கேட்டு வெளியூர் வைத்தியர் ஒருவர் பயந்துபோய்ப் போர்வையைப் போர்த்திக்கொண்டதாகச் சொல்வார்கள்.

அந்த ஊரில் பெரிய மூலிகை வியாபாரி வெயிலுமுத்து. அவருடைய கிட்டங்கிதான் ஊரிலேயே உயரமான கட்டடம். உத்தரம் வரைக்கும் கீழாநெல்லி, நிலவேம்பு, அதிமதுரம், கடுக்காய் என்று மூட்டைகள் அடுக்கியிருக்கும். அவர் மனைவி சுயம்புகனி கன்னியாகுமரிப் பக்கம் மலையடிவாரத்துப் பெண். அவள் பிறந்த ஊரில் மழை பெய்த நாளை யாரும் பேசமாட்டார்கள், மழை விட்ட நாளைத்தான் அதிசயமாகச் சொல்லுவார்கள். வாசலில் கழற்றிப்போட்ட செருப்பை இரண்டு நாள் மறந்தால் காளான் முளைத்திருக்கும். அங்கிருந்து முள்ளிச்செவலுக்கு வாழ வந்தவளுக்கு முதல் வருஷம் உதடு வெடித்தது, இரண்டாம் வருஷம் குதிகால் வெடித்தது, அதற்குப் பிறகு வெடிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் பழகிக்கொண்டாள். மழையைப் பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை. பேசினால் நாக்கு இன்னும் வறண்டுபோகும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு ஐப்பசியில், வழக்கம்போல முள்ளிச்செவலுக்கு மேலே நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த மேகக் கூட்டத்திலிருந்து ஒன்று மட்டும், மூலிகை வாசத்துக்கு மயங்கியோ, ஓடி ஓடிக் கால் வலித்தோ, கீழே இறங்கி, கிட்டங்கியின் மேல்சன்னல் வழியாக ஒருக்களித்து நுழைந்து, மூட்டைகளுக்கு மேலே உத்தரத்தடியில் படுத்துக்கொண்டது. ஒரு யானைக்கன்று அளவு இருந்தது. சாம்பல் நிறம், வயிறு மட்டும் கொஞ்சம் கறுப்பு. வெயிலுமுத்து அதை அண்ணாந்து பார்த்தார், கணக்குப்பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தார், வீட்டுக்கு வந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கனி, கிட்டங்கியில ஒரு மேகம் வந்து படுத்திருக்கு. ஏதாச்சும் சாப்பிடுமான்னு கேளு."

சுயம்புகனி கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுபோனாள். மேகம் கழுத்தை நீட்டி ஆவியை மட்டும் உறிஞ்சிக் குடித்தது; ஆறிப்போன காப்பியை அவள் குடித்தாள். அப்போது அவள் நெற்றியில் ஒரு துளி விழுந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் மேல் தானாக வந்து விழுந்த முதல் தண்ணீர் அதுதான். அவள் ஏணியை எடுத்துவந்து சாத்தி ஏறி, மேல்காற்று அதை இழுத்துக்கொண்டு போய்விடாமல் இருக்க மேற்குச் சன்னலை அடைத்துவிட்டு இறங்கினாள்.

ஊர் அதற்குப் பேர் வைத்தது. வந்தது, உட்கார்ந்தது, போகிற வழியைக் காணோம், வேளாவேளைக்கு வீட்டுக்காரி காப்பி கொடுக்கிறாள், ஆகவே வீட்டோட மாப்பிள்ளை என்றார்கள். பிறகு சுருக்கி மாப்பிள்ளை என்றார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் மாப்பிள்ளை உள்ளுக்குள்ளேயே ஒரு பாட்டம் பொசுபொசுவென்று தூறும். அதில் நனைவதற்காக ஊர் திரண்டு வரும். முள்ளிச்செவலில் அதுவரை வெயிலுக்கு மட்டும் விரித்த குடையை ஆட்கள் கட்டடத்துக்கு உள்ளே போய் விரித்தார்கள், வெளியே வரும்போது மடக்கினார்கள். மசக்கைக்காரிகளுக்கு முன்வரிசை. பெண்டாட்டியிடம் சண்டை போட்டவர்களுக்குக் கடுக்காய் மூட்டைப் பக்கம் ஒரு மூலை. பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, இதுதான் மேகம், இதற்கு மேலே பாடத்தில் இருப்பதெல்லாம் அவ்வளவு முக்கியமில்லை என்று சொல்லிக் கூட்டிப்போனார். கிராம நிர்வாக அதிகாரி வந்து, இது குடியிருப்பா, வாடகையா என்று விசாரித்து, இரண்டும் இல்லை, விருந்தாளி என்று கேள்விப்பட்டதும் அதற்கு வரி கிடையாது என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போனார். கரண்டுக்காரர் மட்டும், மாப்பிள்ளை கோபம் வந்து மின்னுகிறபோதெல்லாம் தெருவில் ஃபியூஸ் போகிறது, கொஞ்சம் தன்மையாக இருக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கிட்டங்கிக்குப் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் ஊறியது. அந்தத் தெருப் பெண் ஒருத்தி, துவைத்துப் போட்ட சேலை சாயங்காலமாகியும் காயவில்லை என்று ஊரெல்லாம் புகார் சொல்லிக்கொண்டு போனாள்; சொல்லச் சொல்ல அவள் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

தை பிறந்தபோது வெயிலுமுத்து கீழாநெல்லி மூட்டை ஒன்றைப் பிரித்தார். பிரித்த கை அப்படியே நின்றது. காய்ந்த கீழாநெல்லிக்கு மேலே பஞ்சுபோல, பனிபோல, ஒரு மிருதுவான வெள்ளை படர்ந்து, அதன்மேல் அங்கங்கே பச்சையும் மஞ்சளும் கலந்து பொடிப்பொடியாகப் பூத்திருந்தது. அடுத்த மூட்டையில் அதிமதுரத்தில் நீலப் பச்சை. அதற்கடுத்த மூட்டையில் சாம்பல். கிட்டங்கி முழுக்க ஒரு பூந்தோட்டமே கண் விழித்திருந்தது.

இந்த இடத்தில் முள்ளிச்செவல்காரர்களை நினைத்துச் சிரிக்கக் கூடாது. வேறு எந்த ஊராக இருந்தாலும் சின்னப் பிள்ளை கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு தூரப் போட்டிருக்கும். இந்த ஊரில் எதுவுமே கெட்டதில்லை, ஆகவே கெட்டது எப்படியிருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. பறித்துக் காய்ந்து செத்துப்போன செடி மறுபடி உயிர்வந்து பூத்திருக்கிறது என்றுதான் அவர்கள் கண்ணுக்குப் பட்டது. வெயிலுமுத்து அந்த வயதிலும் தெருவில் ஓடினார். "பூத்திருச்சு, கனி! சரக்கு பூத்திருச்சு!"

சுயம்புகனி வாசலில் கால் வைத்ததுமே அந்த வாசம் வந்தது. ஆடி மாசத்தில் அவளுடைய அம்மா வீட்டுப் பெட்டியைத் திறந்தால் வருகிற வாசம். ஈரச் சுவரும், பழைய பாயும், நனைந்த பள்ளிக்கூடப் பையும் சேர்ந்த வாசம். அவளுக்கு ஒரு நிமிஷம் கண் கலங்கிவிட்டது.

"இது பூசணமாக்கும், கேட்டியளா," என்றாள்.

பூசணம் என்ற வார்த்தைக்கு அந்த ஊரில் வேலையே இருந்ததில்லை. வெயிலுமுத்துவின் காதில் அது பூஷணம் என்று விழுந்தது. "அதச் சொல்லு! பூஷணம்! சரக்குக்கு நகை போட்டு விட்ட மாதிரியில்ல இருக்கு!" என்று அவர் பூரித்துப் போனார். அவள் திருத்தியிருக்கலாம். வாயைத் திறந்தாள். மேலே மாப்பிள்ளை அவளைப் பார்த்தபடி படுத்திருந்தது. பூசணம் எதனால் வருகிறது என்று அடுத்த கேள்வி வரும், அதற்கும் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டாள். எங்கள் ஊரில் துடைத்துவிட்டு வெயிலில் போட்டு எடுத்து வைப்பதில்லையா, இங்கே இல்லாத வெயிலா என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு, ஆட்களை வைத்துச் சரக்கைத் துடைத்துக் காயப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் பளிச்சென்று ஆகிவிட்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது.

அந்தச் சரக்கை இடித்து, மேகம் தந்த மருந்து என்று மேகப்பொடி எனப் பேர் போட்டார் வெயிலுமுத்து. வெளியூர் ஆட்கள் அதை வெளியில் சொல்லக் கூசுகிற மேகநோய்க்கு மருந்து என்று எடுத்துக்கொண்டு, கடைக்காரரிடம் குரலைத் தணித்துக் கேட்டு, செய்தித்தாளில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள். அதனால் வியாபாரம் கூடியதே தவிரக் குறையவில்லை. உள்ளூரில் அதைக் கஷாயம் வைத்துக் குடிக்காத வீடு இல்லை. பூத்த மருந்து ஆயிற்றே.

பங்குனியில் முள்ளிச்செவலின் கண்கள் மஞ்சளாயின. முதலில் அதையும் மாப்பிள்ளை வந்த யோகம் என்றுதான் ஊர் எடுத்துக்கொண்டது. மஞ்சள் பூசாமலே பெண்களுக்கு முகம் மங்களமாக இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பிறகு சோறு இறங்காமல் போயிற்று, படியேற மூச்சு வாங்கியது. அப்போதுதான் இது மஞ்சள் காமாலை என்று புரிந்தது. காமாலைக்கு மருந்து என்ன? கீழாநெல்லி. கீழாநெல்லி எங்கே இருக்கிறது? கிட்டங்கியில். ஆகவே மஞ்சளானவர்கள் மேகப்பொடியை வாங்கிக் குடித்தார்கள், குடித்து இன்னும் மஞ்சளானார்கள், மஞ்சள் கூடக் கூட வேளைக்கு ஒன்றாக இருந்ததை இரண்டாக்கினார்கள், இரண்டை மூன்றாக்கினார்கள். ஊரிலேயே அதிகம் குடித்தவர் வெயிலுமுத்து. விற்கிறவன் குடித்துக் காட்ட வேண்டாமா என்பார். அவருக்கு வயிறு ஊதி, கை கால் மெலிந்து, பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் கூட ஓங்கரித்தது. கடைசியில் ஒரு நாள் எழுந்து உட்கார முடியவில்லை.

சுயம்புகனி அவரைக் காரில் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டரம்மா அவருடைய கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். ஒன்றும் சாப்பிடவில்லை, மருந்து மட்டும்தான் என்றாள் இவள். எந்த மருந்து என்று டாக்டரம்மா கேட்டார். பொடி டப்பாவைத் திறந்து நீட்டியபோது, மூடிக்குள்ளிருந்து அவள் அம்மா வீட்டு வாசம் லேசாக வந்தது. சுயம்புகனிக்கு அப்போதே விளங்கிவிட்டது. பரிசோதனை முடிவு வந்தபிறகு டாக்டரம்மா சொன்னதெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததைப் போலவே இருந்தது: பூசணம் சாகும், பூசணம் கக்கிவைத்த விஷம் சாகாது, துடைத்தால் போகாது, வெயிலில் போட்டால் போகாது, கஷாயமாகக் கொதித்தாலும் போகாது, அது நேரே போய்க் கல்லீரலில் உட்காரும். இப்போதே நிறுத்தினால் மனிதர் தேறுவார். இன்னும் ஒரு மாசம் இதே போல் குடித்தால் கூட்டிவர வேண்டியிருக்காது.

ஊருக்குத் திரும்பியதும் அவள் கிட்டங்கி வாசலில் கட்டிலைப் போட்டுப் புருஷனைப் படுக்கவைத்தாள். வெளியூருக்குப் போன சரக்கையெல்லாம் யாருக்கும் கொடுக்காமல் திருப்பி அனுப்பச் சொல்லிக் கணக்குப்பிள்ளையைப் போனில் உட்காரவைத்தாள். பிறகு ஊரைக் கூப்பிட்டாள்.

விஷயத்தைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. பூத்ததைப் போய் விஷம் என்கிறாளே என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் குருவலிங்கம் முன்னால் வந்தார். பதவிக்கு வந்த நாளிலிருந்து கூலிங்கிளாஸைக் கழற்றாதவர் அவர். தூங்கும்போதும் போட்டிருப்பார் என்று பேச்சு.

"மதினி, நீங்க சரக்கைத்தான குத்தம் சொல்லுறீக? சரக்கத் தூக்கி வெளிய போட்ருவோம். மாப்பிள்ளை அது பாட்டுக்குக் கெடக்கட்டும். கிணத்துல இப்பத்தான் தண்ணியப் பாக்கோம்."

"சரக்க மட்டும் போட்டா தீருமா தலைவரே? சொவத்துல இருக்கு, சாக்குல இருக்கு, தராசுத் தட்டுல இருக்கு. இது இங்க இருக்குறவரைக்கும் அதுவும் இருக்கும். நாளைக்கு உங்க வீட்டுக் கடலையில பூக்கும், நெல்லுல பூக்கும். அதையும் பூஷணம்னு சொல்லித் திங்கியளா?"

"பூஷணம்னு நீங்கதான மதினி சொன்னீக?"

"நான் சொன்னது பூசணம். எங்க ஊருல கெட்டுப்போனதுக்கு அதாக்கும் பேரு. நீங்க எல்லாரும் மாத்திக் கேட்டிய. எனக்குத் தெரிஞ்சும் நான் திருத்தல. திருத்தினா இத அனுப்பணும்." அவள் மேலே கையைக் காட்டினாள். "எனக்கு அதுக்கு மனசு வரல. போதுமா?"

கூட்டம் அண்ணாந்து மாப்பிள்ளையைப் பார்த்தது. குருவலிங்கம் மட்டும், ஒருத்தருக்கு உடம்புக்கு ஆகவில்லை என்பதற்காக ஊரே தாகத்தில் கிடக்க முடியுமா, தனக்கெல்லாம் ஒன்றும் இல்லையே, தானும்தான் இரண்டு வேளை குடிக்கிறேன் என்று மேற்கொண்டு பேசிக்கொண்டே போனார். சுயம்புகனி அவர் பக்கத்தில் போய், மரியாதையாகவே கையை நீட்டி, அவர் கூலிங்கிளாஸைக் கழற்றினாள். மத்தியான வெயிலில் தலைவருடைய கண்கள் இரண்டும் செவ்வந்திப் பூ மாதிரி பளபளத்தன. அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர் கண்ணை ஒவ்வொருவரும் பார்த்தார்கள், பார்க்கப்பட்டார்கள், தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போய் டப்பாக்களை எடுத்துவந்தார்கள்.

ஊருக்கு வெளியே ஆழமாகக் குழி வெட்டினார்கள். மூட்டைகளும், சாக்குகளும், டப்பாவில் இருந்த பொடியும், அலமாரியின் மூலையில் 'ஒருவேளை தேவைப்பட்டால்' என்று ஒளித்து வைத்திருந்த கடைசிப் பொட்டலமும் அதில் இறங்கின. மேலே சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்கள். கிட்டங்கிச் சுவரைச் சுரண்டினார்கள். எல்லாம் முடிந்தது, மாப்பிள்ளை மட்டும் உத்தரத்தடியில் இருந்தது. கீழே வெறும் தரை தெரிவதைக் கண்டு, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் சுவரோரமாக ஒதுங்கிச் சிறுத்துப் படுத்திருந்தது.

வெயிலுமுத்து கட்டிலில் கிடந்தபடியே சொல்லிவிட்டார், வந்த விருந்தாளியை வெளியே போ என்று சொல்கிற வழக்கம் தன் பரம்பரையில் கிடையாது, வேண்டுமானால் தான் போய்ச் சேருகிறேன் என்று. அவர் அப்படிச் சொல்லக்கூடியவர்தான். ஆகவே சுயம்புகனியே உள்ளே போய் எல்லாச் சன்னலையும் திறந்தாள், மேற்குச் சன்னலையும் திறந்தாள், பெரிய கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்தாள். மேகம் எழுந்து வாசல்வரை வந்தது. வந்து, நின்றது.

இத்தனை மாசம் மனிதர்களோடு இருந்து அதற்கும் பழக்கவழக்கம் தெரிந்துவிட்டது. போகிறவர்களை வாசலில் நின்று என்ன சொல்லி அனுப்புவார்கள் என்று அது தினமும் கேட்டுக்கொண்டிருந்தது. போ என்று மட்டும் ஒருவரும் ஒருவரிடமும் சொல்வதில்லை; எழவு வீட்டில் தவிர எல்லா வாசலிலும் 'போயிட்டு வா' என்றுதான் சொல்வார்கள். சொன்னால் வந்துவிட வேண்டும் என்பது மனிதர்களுக்கு ஒரு பேச்சுக்கு. மேகம் அப்படியில்லை, வா என்றால் வந்துவிடும். சுயம்புகனிக்கு அது தெரியும். தெருவில் நின்ற ஊரைப் பார்த்து, ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னாள். பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். ஆண்கள் துண்டைக் கடித்தார்கள். குருவலிங்கம் கூலிங்கிளாஸையே வாயில் கவ்விக்கொண்டார்.

அவள் மேகத்தின் வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். கை நனைந்தது.

"போ," என்றாள்.

மேகம் மிச்ச வார்த்தைக்காகக் காத்திருந்தது. அவளைப் பார்த்தது, ஊரைப் பார்த்தது, கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தது. வெயிலுமுத்துவால் பொறுக்க முடியவில்லை. தலையைத் தூக்கி, வறண்ட குரலில், "போயிட்டு..." என்று ஆரம்பித்துவிட்டார். சுயம்புகனி பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். அவள் உள்ளங்கைக்குள் அந்தக் கடைசி ஓரெழுத்து, பிடித்துவைத்த வெட்டுக்கிளி மாதிரி துள்ளிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. மேகம் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு மெதுவாக மேலேறி, கிட்டங்கி ஓட்டுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, மேற்கே, அவள் ஊர் இருக்கிற திசையில் போயிற்று. அது ஒரு புள்ளியாகித் தொலைகிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.

எடுத்ததும் வெயிலுமுத்து மூச்சு வாங்கினார். "ஒத்த வார்த்தை, கனி. சொல்லியிருந்தா என்ன?"

"சொல்லியிருந்தா வந்திரும்."

"வந்தா என்ன?"

அவள் அவர் கண்ணிமையை விரலால் தூக்கி, மஞ்சளுக்கு நடுவில் எங்கேயாவது வெள்ளை தெரிகிறதா என்று பார்த்தாள். அன்றைக்குத் தெரியவில்லை. மறுநாளும் தெரியவில்லை. அந்தச் சித்திரை, வைகாசி, ஆனி முழுக்க அவளுக்கு அதுதான் வேலை. ஊரில் மற்றவர்கள் கண்ணெல்லாம் ஒன்றொன்றாக வெளுத்தது, குருவலிங்கம் கூட வெறுங்கண்ணோடு நடக்க ஆரம்பித்தார், கிணறு வற்றியது, வடகம் பழையபடி பிழியப் பிழியக் காய்ந்தது. அதிகம் குடித்தவருக்கு அதிக நாளாயிற்று. ஆடியில் ஒரு காலை, இமையைத் தூக்கியபோது, ஓரத்தில் நகக்கண் அளவுக்கு வெள்ளை இருந்தது. அன்று அவர் ரசஞ்சோறு கேட்டார்.

புரட்டாசி முதல் சந்தைக்கு, புதிதாக வெட்டிக் காயப்போட்ட நிலவேம்புக்கு விலை பேச வெயிலுமுத்து கிளம்பினார். சட்டை அவருக்கு இன்னும் தொளதொளவென்றுதான் இருந்தது. தெருவில் இறங்கி நாலு அடி வைத்தவர், வாசலில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார். முள்ளிச்செவல் வாசல்களில் அந்த நாளிலிருந்து யாரும் அந்த வார்த்தையை அவசரத்தில் சொல்வதில்லை. சொன்னால் அர்த்தத்தோடுதான் சொல்வார்கள். சுயம்புகனி படியில் இறங்கி வந்து, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்து, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கேட்கும்படி, ஓரெழுத்தையும் முழுங்காமல் சொன்னாள்.

"போயிட்டு வாங்க."

சாயங்காலம் வந்துவிட்டார்.